அத்தானுக்கு நாக்கில கான்சர், இனி சிகரெட்டையும் குடியையும் விட்டு பிரயோசனம் இருக்கா?

வெள்ளவத்தைப்_பொடியன் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். என்ர அக்காவின்ர மனுசனுக்கு 54 வயசு, நாக்கின்ர இடப்பக்க ஓரத்தில புண் ஒண்டு மாசக்கணக்கா ஆறாம இருந்து, பல்லு குத்துது பல்லு குத்துது எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர், கடைசியா பயொப்ஸி எடுத்தா கான்சர். போன மாசம் ஒப்பரேசன் முடிஞ்சுது, கழுத்தில நெறிக்கட்டியளும் எடுத்தவை, கிளினிக் கொப்பியில ஸ்டேஜ் 3 எண்டு எழுதியிருக்கு. இப்ப மகரகம அபேக்ஷா கான்சர் ஆஸ்பத்திரியில ரேடியேசனுக்கு, முகத்தை அசையாமப் பிடிக்கிற மாஸ்க் செய்ய வரச்சொல்லியிருக்கினம், கூட கீமோ ஊசியும் போடவேண்டி வரலாம் எண்டு கதை.

பிரச்சினை என்னெண்டா அத்தான் புறக்கோட்டையில கடை வச்சிருக்கிறவர், இருபது வயசில இருந்து சிகரெட், ஒண்டொண்டா வாங்கிப் பத்துறவர், ஒரு நாளைக்கு பத்து போகும், பின்னேரம் கடை பூட்டினாப் பிறகு கால் போத்தல் சாராயம் தவறாது, ஞாயிற்றுக்கிழமையெண்டா கணக்கே இல்லை. ஆஸ்பத்திரியில கிடந்த நாளில ஒண்டும் தொடேல்லை. வீட்ட வந்து தையல் வெட்டின அண்டைக்கே பல்கனியில நிண்டு ஒண்டைப் பத்தவச்சிட்டார், வாயை முழுசாத் திறக்கேலாம சரிச்சுச் சரிச்சு இழுக்கிறார், பார்க்கவே வயிறு எரியுது. குடி இன்னும் துவங்கேல்லை எண்டு அக்கா சொல்றா, எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் கதைச்சா மாமா சித்தப்பா எல்லாரும் அத்தான் பக்கம் நிக்கினம். வந்தது வந்திட்டுது, இனி விட்டு என்ன வரப்போகுது, மனுசன் இருக்கிற காலத்தில எண்டாலும் நிம்மதியா இருக்கட்டும் எண்டு. எனக்கு பதில் சொல்லத் தெரியேல்லை. வருத்தம் வராம இருக்கத்தான் விடச்சொல்றது, வந்தாப்பிறகும் விட்டா ஆயுசு கூடுமோ? ரெண்டையும் ஒரேயடியா விடப்பண்ணினா ஆளுக்கு ஒண்டும் ஆகாதோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, உபதேசம் வேண்டாம், அது வீட்டில நிறைய இருக்கு.

கொச்சிக்கடை_மச்சான்:

தம்பி கோவிக்காதீங்க, நான் உங்க மாமா பக்கந்தான். எங்க பெரியப்பா எழுபத்தெட்டு வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு, ஒண்ணும் ஆகல, கடைசில பஸ் மோதித்தான் போனாரு. எங்க லேன்ல ஒரு அக்கா சிகரெட்ட மோந்து கூட பார்த்ததில்ல அவங்களுக்கு வாயில வந்து தாடையையே எடுத்தாங்க. எல்லாம் தலையெழுத்து. ஒப்பரேசன் கரண்ட் ஊசின்னு மனுசன் படுற பாட்டுக்கு நடுவுல சிகரெட்டையும் புடுங்கினா அவருக்கு என்னதான் இருக்கு? இது என் அபிப்பிராயம் மட்டும்.

இரவு_டியூட்டி:

கொச்சிக்கடை அண்ணை, அந்த அக்கா வெத்திலை போடுறவவோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. எங்கட நாட்டில ஆம்பிளையளுக்கு வாற கான்சரில முதலாவதா நிக்கிறது வாய்க் கான்சர்தான், அதுக்கு சிகரெட் சாராயத்தோட வெத்திலை பாக்கு பொயிலையும் பெரிய காரணம். பொயிலை போடாத வெறும் வெத்திலை பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின்ர கான்சர் ஆய்வு அமைப்பு 2004இல மனுசருக்கு கான்சர் தாறது எண்டு முதலாவது பிரிவில போட்டிட்டுது.

தம்பிக்கு வாறன். நான் டொக்டர்தான், கான்சர் வார்டில கொஞ்சக் காலம் வேலை செய்தனான், ஆனா உங்கட அத்தானைப் பார்க்கிற டொக்டர் நானில்லை, அதை நினைச்சுக்கொண்டு வாசியுங்கோ.

"வந்தாப்பிறகு விட்டு என்ன" எண்டது நான் வார்டில கூடுதலாக் கேட்ட வசனம், பிழையான வசனமும் அதுதான். கனடாவில தலை கழுத்து கான்சருக்கு ரேடியேசன் எடுத்த 115 பேரை வச்சு ஒரு ஆய்வு செய்து 1993இல போட்டவை. ரேடியேசன் நடக்கேக்க சிகரெட் பத்திக்கொண்டிருந்த ஆக்களில கட்டி முழுசாக் கரைஞ்சது 45 சதவீதம் பேருக்கு, பத்தாதவையில 74 சதவீதம். ரெண்டு வருசத்தில உயிரோட இருந்தவை பத்தினவையில 39 சதவீதம், பத்தாதவையில 66. ரெண்டு பகுதிக்கும் ரேடியேசன் ஒண்டுதான். அதுக்குப் பிறகு எத்தனையோ ஆய்வு வந்திட்டுது, இலக்கம் கூடிக் குறையும், திசை மாறேல்லை. 2014இல அமெரிக்க சேர்ஜன் ஜெனரலின்ர, அதாவது அந்த அரசாங்கத்தின்ர தலைமைச் சுகாதார டொக்டரின்ர, அறிக்கை எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து, கான்சர் வந்தாப்பிறகும் பத்துறது சாவைக் கூட்டுது, அது வெறும் தொடர்பில்லை, காரணமே அதுதான் எண்டு எழுதிச்சுது. பத்தாதவையோட பார்த்தா மொத்த சாவு அபாயம் ஏறக்குறைய ஒண்டரை மடங்கு.

ஒண்டை நேர்மையாச் சொல்லோணும். சிகரெட்டை விட ஏலாத ஆக்கள் பொதுவா குடியும் கூட, சாப்பாடும் குறைவு, கிளினிக்குக்கும் ஒழுங்கா வராயினம், ஆகவே அந்த வித்தியாசம் முழுசும் சிகரெட்டாலதான் எண்டு அடிச்சுச் சொல்லேலாது. ஆனா அதையெல்லாம் கணக்கில எடுத்துக் கழிச்சாலும் மிச்சம் ஒண்டு நிக்குது, அது சின்ன மிச்சமில்லை.

ஏன் எண்டா, ரேடியேசன் கான்சர் செல்லைக் கொல்லுறதுக்கு அந்த இடத்தில ஒட்சிசன் வேணும். ஒட்சிசன் குறைஞ்ச கட்டி கதிருக்கு லேசில மடங்காது. சிகரெட் புகையில இருக்கிற காபன் மொனொக்சைட் ரத்தத்தில ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில ஏறிக் குந்திக்கொள்ளும். காலையில பல்கனியில ஒண்டைப் பத்திட்டு மகரகமவுக்குப் போய் மெசினுக்குக் கீழ படுத்தா, அண்டைய கதிரில ஒரு பங்கை வீணாக்கினதுக்குச் சமன். நல்ல செய்தி என்னெண்டா அந்த காபன் மொனொக்சைட் ரத்தத்தில பாதியாக் குறைய நாலஞ்சு மணித்தியாலம் போதும். அதாவது முப்பது வருசம் பத்தினவர் இண்டைக்கு விட்டாலும் நாளைய ரேடியேசன் நேற்றையதை விட நல்லா வேலை செய்யும். உங்கட மாமாவுக்கு இதைச் சொல்லுங்கோ, ஆயுசுக் கதை பிறகு கதைப்பம்.

இன்னொண்டு, காயம். நாக்கு, தாடை வெட்டின இடத்துக்கு ரத்தம் ஓடினாத்தான் ஆறும், நிக்கொட்டின் அந்தச் சின்னக் குழாயளைச் சுருக்கிப்போடும். ரேடியேசனுக்குப் பிறகு தாடை எலும்பு உக்கிறது எண்டு ஒரு பொல்லாத நிலை இருக்கு, எலும்பு வாய்க்குள்ள வெளிய தெரியும், வருசக்கணக்கா இழுபடும். பத்திறவைக்கு அது வாற சான்ஸ் கூட. கட்டாயம் ரேடியேசனுக்கு முதலே பல்லு டொக்டரிட்டக் காட்டி ஆட்டம் கண்ட பல்லு, சூத்தைப் பல்லு எல்லாம் பிடுங்கி, அந்தக் காயம் ஆறினாப்பிறகுதான் துவங்கோணும்.

அத்தான் எவ்வளவு பத்தியிருக்கிறார் எண்டதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, பைக்கற் வருசம் எண்டு சொல்லுவம். ஒரு நாளைக்கு 20 சிகரெட் வீதம் ஒரு வருசம் பத்தினா 1. ஒண்டொண்டா வாங்கிறவை "நான் பைக்கற் வாங்கிறதே இல்லை டொக்டர்" எண்டு சொல்லித் தப்புவினம், ஆனா நாளைக்கு 10 வீதம் 34 வருசம் எண்டா 17 வருது. தொண்டைக் கான்சரில அமெரிக்காவில செய்த ஆய்வுகளில ஒவ்வொரு பைக்கற் வருசத்துக்கும் சாவு அபாயம் 1 சதவீதம் மாதிரிக் கூடுது, அதோட ரேடியேசன் நடக்கிற நேரத்திலயும் பத்தினவைக்கு அபாயம் ரெண்டு மடங்கு. பழைய 17ஐ ஒருத்தராலயும் அழிக்கேலாது. ரெண்டாவது விசயம் இன்னும் அத்தானின்ர கையிலதான் இருக்கு.

குடியைப் பற்றிப் பிறகு எழுதுறன், வார்டால கூப்பிடுகினம்.

கொச்சிக்கடை_மச்சான்:

கேட்டேன். இருபது வருசமா பாபுல்ங்கிற பாக்கு பொயிலை போட்டவங்களாம். சரி அத ஒத்துக்கிறேன், ஆனா தலையெழுத்தும் இருக்கு டொக்டர்.

ஜிந்துப்பிட்டி_அக்கா:

தம்பி, நான் டொக்டர் இல்ல, கூட இருந்து பார்த்தவ. என் வீட்டுக்காரருக்கு கீழ் ஈறுல வந்துச்சு. சிகரெட் கொஞ்சம், சாராயம் நிறைய, அதுவும் பத்தாதுன்னு வாடிக்கையா வெத்தில. நீங்க கடைசியா கேட்டீங்க பாருங்க ஒரேயடியா விட்டா ஒண்ணும் ஆகாதான்னு, அதுக்குத்தான் எழுதுறேன்.

அட்மிட் பண்ணும்போது எவ்வளவு குடிப்பீங்கன்னு கேட்டாங்க, இவரு "விசேசத்துக்கு மட்டும் மிஸ்"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன், மானம் போயிருமேன்னு வாய தொறக்கல, அந்த நேரத்துல எந்தப் பொம்பளைதான் தொறப்பா. ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சு ரெண்டு நாள் அமைதியா கிடந்தாரு. அப்புறம் ராத்திரி கை நடுங்க ஆரம்பிச்சு, சட்டையெல்லாம் வேர்வை, பெட்ஷீட்ல பூச்சி ஊருதுன்னு ஒவ்வொண்ணா பொறுக்கிறாரு, என்னப் பார்த்து நீ யாருங்கிறாரு. மூக்கு வழியா சாப்பாடு போற குழாய இழுத்து வெளிய போட்டாரு, தொண்டையில மூச்சுக்கு வச்சிருந்த குழாயிலயும் கை போயிருச்சு, நல்ல காலம் அட்டென்டன் ஒருத்தர் ஓடி வந்து புடிச்சாரு. நான் மருந்து ஒத்துக்கலன்னு நினைச்சு கத்துறேன். நர்ஸ் மிஸ் என்னை வெளிய கூப்பிட்டு "உண்மைய சொல்லுங்க, தினமும் குடிப்பாரா"ன்னு கேட்டாங்க. அப்பத்தான் சொன்னேன். உடனே ஊசி, வைட்டமின், எல்லாம் கொடுத்து அடக்கினாங்க. குடிய திடீர்னு நிப்பாட்டினா வர்றதாம் இது.

அதனால தம்பி, வீட்ல வச்சு போத்தல ஒளிச்சு வச்சு நீங்களா விடவச்சிராதீங்க. முதல்ல டொக்டர்ட்ட உண்மையான அளவ சொல்லணும். அத்தான் சொல்லமாட்டாரு, அக்காவ சொல்லச் சொல்லுங்க, அவர் முன்னால சொல்ல வெக்கமா இருந்தா துண்டுல எழுதி நர்ஸ்ட்ட கொடுக்கச் சொல்லுங்க.

அப்புறம் வாய் தொறக்கிற விசயம். எங்களுக்கு ஐஸ்கிறீம் குச்சி கட்டு ஒண்ணு வாங்கச் சொன்னாங்க. குச்சிய ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவுல வச்சு, எத்தன குச்சி போகுதோ அத எழுதி வச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணொண்ணா கூட்டணும். இவரு கண்ணுல தண்ணி வழிய வழிய செய்வாரு. அத விட்டுட்டா வாய் பூட்டின மாதிரி ஆகிரும், சோறு போகாது. சிகரெட் சரிச்சுப் புடிக்கிறாருன்னு எழுதினீங்க, அந்தக் குச்சிய இப்பவே வாங்கிக் கொடுங்க, எத்தனையில தொடங்கணும்னு மட்டும் அங்க கேட்டுக்குங்க.

வெள்ளவத்தைப்_பொடியன்:

அக்கா மெத்தப் பெரிய உபகாரம். இதை அப்பிடியே அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினன், பேசாம இருந்திட்டு சொல்றா "ஒப்பரேசனுக்கு முதல் நாளும் எடுத்தவர்"எண்டு. அப்ப ஆஸ்பத்திரியில ஒண்டும் வராமத் தப்பினது அதிர்ஷ்டம் போல. இப்ப வீட்டில திருப்பித் துவங்கிட்டார் எண்டதும் உண்மை, கால் போத்தல் இல்லை, அதில பாதியாம்.

டொக்டர் அண்ணா, நேரம் கிடைக்கேக்க குடியைப் பற்றியும் எழுதுங்கோ. அத்தான் இப்ப ஒரு டீல் பேசுறார், சாராயத்தை விட்டிட்டு பியர் மட்டும் எடுக்கிறன், சிகரெட்டுக்குப் பதிலா கடை வாடிக்கையாளர் ஒருத்தர் டுபாயில இருந்து கொண்டந்து குடுத்த வேப் பாவிக்கிறன் எண்டு. இது பரவாயில்லையோ?

இரவு_டியூட்டி:

ஜிந்துப்பிட்டி அக்கா எழுதினதை எங்கட புது இன்டேர்ன் பிள்ளையளுக்கு வாசிக்கக் குடுக்கலாம். கடைசிக் குடியில இருந்து ஆறு மணித்தியாலம் தொட்டு ஒரு நாளுக்குள்ள நடுக்கம் வேர்வை துவங்கும், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் மூண்டாம் நாளில அந்தப் பூச்சி பொறுக்கிற மயக்கம், மருந்து குடுக்காட்டி உயிருக்கும் ஆபத்து. எல்லாருக்கும் வராது, அத்தானுக்கு ஒருக்கா வராமப் போனது அடுத்தமுறை வராது எண்டதுக்கு உத்தரவாதம் இல்லை. அதால சிகரெட்டை இண்டைக்கே நிப்பாட்டலாம், கோவம் வரும், நித்திரை வராது, பசி கூடும், உயிருக்கு ஒண்டும் ஆகாது. நாளாந்தம் குடிக்கிறவர் குடியை நிப்பாட்டேக்க மட்டும் டொக்டர்மாரின்ர கையில நிப்பாட்டோணும், சிலருக்கு மாத்திரையோட வீட்டில, சிலருக்கு அட்மிட் பண்ணி. வைட்டமின் பி1 கட்டாயம் குடுப்பினம், அது இல்லாட்டி மூளை பழுதாகும்.

இனி குடியும் உயிரும். மதுசாரம் கான்சர் தாறது எண்டு 1988இலயே பட்டியலில ஏறிட்டுது. உடம்பு அதை அசெற்றல்டிஹைட் எண்ட நஞ்சா மாத்தும், வாயில இருக்கிற கிருமியளும் அங்கனயே மாத்தும், ஆகவே வாயும் தொண்டையும் அதில ஊறிக்கிடக்கும். சிகரெட்டும் சேர்ந்தா ரெண்டின்ர அபாயத்தையும் கூட்டினா வாற கணக்கில்லை, பெருக்கினா வாற கணக்கு. இது வருத்தம் வாறதுக்கு. வந்தாப்பிறகு குடி ஆளைக் கொல்லுற வழி வேற, சிகரெட் மாதிரி நேர்ப்பாதையில்லை, சுத்துப்பாதை.

குடிக்கிற ஆள் சாப்பிடாது, நிறை இறங்கும், நிறை இறங்கினா முகம் மெலிஞ்சு அந்த மாஸ்க் லூசாகி திருப்பிச் செய்யோணும், நாள் போகும். வாய்ப் புண்ணில சாராயம் பட்டா நெருப்பு, புண் கூடும், ரேடியேசனுக்கு இடையில "ரெண்டு நாள் விட்டிட்டு வாறன்" எண்டு நிண்டிடும். தலை கழுத்து ரேடியேசனில ஒரு நாள் பிந்தினா கட்டி கட்டுப்படுற சான்ஸ் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும் எண்டு கணக்குப் போட்டிருக்கினம், ஏனெண்டா இடைவெளி கிடைச்சா மிஞ்சின செல் வேகமாப் பெருகும். கிழமைக்கு அஞ்சு நாள் வீதம் ஆறு ஏழு கிழமை, அதில ஒரு கிழமை குடியால போச்செண்டா யோசியுங்கோ. கீமோவுக்கு குடுக்கிற சிஸ்பிளாற்றின் சிறுநீரகத்தில பிடிக்கிற மருந்து, மக்னீசியத்தையும் இறக்கும், குடியும் மக்னீசியத்தை இறக்கும், தண்ணி வத்தின உடம்பெண்டா ஊசியை நிப்பாட்டத்தான் வரும். சிலவேளை வெறியில படுத்து வாயில உள்ளது நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா. மரணச் சான்றிதழில நிமோனியா எண்டுதான் இருக்கும், குடி எண்டு ஒருத்தரும் எழுதமாட்டினம். ஆரம்பக் கட்டத்தில பிடிச்சு சுகமான ஆக்களைப் பின்தொடர்ந்து பார்த்ததிலயும், குடியைத் தொடர்ந்தவை விட்டவையை விடக் கூடச் செத்திருக்கினம்.

டீலுக்கு வாறன். பியரும் மதுசாரம்தான், பெரிய போத்தல் ஸ்ட்ரோங் பியர் எண்டா சாராயத்துக்கு அவ்வளவு குறைவில்லை. ஆளை ஏமாத்திற டீல். வேப்பில காபன் மொனொக்சைட் வராது, அந்த ஒரு விசயத்தில சிகரெட்டை விடக் கெடுதல் குறைவு, ஆனா நிக்கொட்டின் இருக்கும், காயத்துக்கு அது கூடாது, ரேடியேசன் புண்ணுக்குள்ள அந்தச் சூட்டுப் புகையையும் அனுப்பவேண்டாம். அதை விட டொக்டரிட்ட நிக்கொட்டின் பட்டி கேளுங்கோ, தோலில ஒட்டுறது. அதுவும் நிக்கொட்டின்தான், எண்டாலும் புகை இல்லை, அளவு தெரியும், மெல்ல மெல்லக் குறைக்கலாம். சூயிங்கம் இவருக்குச் சரிவராது, வாய் இருக்கிற நிலைமைக்கு. மவுத்வோஷ் வாங்கினா மதுசாரம் இல்லாததாப் பார்த்து வாங்குங்கோ, இல்லாட்டி உப்பும் அப்பச்சோடாவும் போட்ட வெந்நீர்.

எச்.பி.வி வைரசால வாற தொண்டைக் கான்சர் நல்லாச் சுகமாகும் எண்டு இன்டர்நெட்டில வாசிச்சிருப்பியள், 2010இல வந்த ஆய்வில அந்த வைரஸ் உள்ளவை மூண்டு வருசத்தில 82 சதவீதம் உயிரோட, இல்லாதவை 57. அது டொன்சில், அடிநாக்குக் கான்சருக்கு. எங்கட ஊர் வாய்க் கான்சர் பெரும்பாலும் அந்த வகை இல்லை, அந்த இலக்கத்தை அத்தானுக்குக் காட்டி ஆறுதல் சொல்லவேண்டாம். அந்த நல்ல வகையிலயே 10 பைக்கற் வருசத்துக்கு மேல பத்தினவையின்ர நிலைமை ஒரு படி இறங்கித்தான் இருந்தது.

மாளிகாவத்தை_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தம்பி. எனக்கு குரல்வளையில வந்து ரேடியேசன் மட்டும் புடிச்சி அல்ஹம்துலில்லாஹ் இப்ப நல்லா இரிக்கேன். குடி எனக்கு இல்ல, சிகரெட்தான். அத உட்டது எப்பிடின்னு மட்டும் சொல்றேன், டொக்டர் சொன்ன மத்ததுக்கு எனக்கு அறிவு பத்தாது.

நோன்புல விடிய சஹர்ல இருந்து மஃரிப் வரைக்கும் தொடமாட்டோம், அந்த நேரம் உசிரு போவாது, அப்ப உடம்புக்கு ஏலும், மனசுதான் கேக்குது. நான் அத புடிச்சிக்கிட்டேன். கஷ்டமான நேரம் ரெண்டு, விடிய பிளேன்டி குடிச்ச கையோட, மத்தது சோறு திண்டு எழும்பின கையோட. பிளேன்டிய உட்டுட்டு கொஞ்ச காலம் கஞ்சி குடிச்சேன், சோறு திண்ட உடனே படியில எறங்கி நடந்தேன். ஆசை வந்தா அஞ்சு பத்து நிமிசம்தான் ஆட்டும், அதுக்கு மேல தானா எறங்கும். தம்பி உங்க அத்தானுக்கு கட புறக்கோட்டையில, சுத்திவர பெட்டிக்கட, ஒண்டொண்டா விக்கிறான், கண்ணுக்கு முன்னாலயே லைட்டரும் கட்டி தொங்குது. ரேடியேசன் முடியிற வரைக்கும் அவர கடைக்கு அனுப்பாதீங்க, காசு கையில குடுக்காதீங்க, கோவிப்பாரு பரவால்ல. 1948க்கு கோல் எடுத்தா சிகரெட் உடுறதுக்கு கதைச்சி உதவி செய்றாங்க, அரசாங்கத்துட நம்பர்தான்.

என்னோட ஒரே நேரத்துல மெசினுக்கு வந்த ஒரு சிங்கள மாத்தயா இரிந்தாரு, 138 பஸ்ல ஒண்டாத்தான் போவோம் வருவோம். எறங்கின உடனே ஹோல்ட்ல ஒண்டு பத்துவாரு. அவருக்கும் கட்டி கரைஞ்சது, டொக்டர்மார் சந்தோசமா அனுப்பினாங்க. பொறவு கொஞ்ச வருசத்துல நுரையீரல்ல வேற ஒண்டு, பழையது திரும்பினதில்ல, புதுசாம். நான் அதுக்கு பொறவு கிளினிக் ஒண்டும் தவறுறதில்ல, மூக்கால கேமரா உட்டு பார்ப்பாங்க, வருசத்துக்கு தைரொயிட் ரத்தமும் பார்க்கிறாங்க, கழுத்துல கரண்ட் புடிச்சா அது கொறையுமாம்.

இரவு_டியூட்டி:

நானா சொன்ன "புதுசு" முக்கியமான கதை. வாயில இருந்து நுரையீரல், உணவுக்குழாய் மட்டும் அதே புகையிலயும் மதுவிலயும் ஊறின தோல்தான், ஒரு இடத்தில முளைச்சதை வெட்டினாலும் மிச்ச நிலம் அதேதான். தலை கழுத்து கான்சர் சுகமானவையில வருசத்துக்கு 100 பேரில 3, 4 பேருக்கு ரெண்டாவது புதுக் கான்சர் வரும், அது அடுத்தடுத்த வருசமும் குறையாமத் தொடரும். முதல் ரெண்டு மூண்டு வருசம் பழைய கான்சர் திரும்புறதுதான் பயம், அதைத் தாண்டினாப்பிறகு ஆளைக் கொண்டுபோறது கூடுதலா இந்தப் புதுசுகளும் ஹார்ட் அட்டாக்கும் சுவாசப்பை வருத்தமும் ஈரலும். நாலும் சிகரெட், குடியோட சம்பந்தப்பட்டதுகள். அதால "ஆயுசு கூடுமோ" எண்ட கேள்விக்கு ரெண்டு பதில் இருக்கு, ரேடியேசன் முடியிறதுக்குள்ள விட்டா இந்தக் கான்சரை வெல்லுற சான்ஸ் கூடும், பிறகும் தொடாம இருந்தா வென்ற உயிரை வேற ஒண்டு எடுத்துக்கொண்டு போற சான்ஸ் குறையும்.

திருப்பிப் பத்தினா பேசவேண்டாம், மறைச்சுப் பத்தத் துவங்கிடுவார், பேந்து டொக்டரிட்டயும் பொய். பத்தினதைச் சொன்னா பட்டியைக் கூட்டிக் குடுப்பினம், அவ்வளவுதான்.

வெள்ளவத்தைப்_பொடியன்:

மாமாமாரின்ர வட்ஸ்அப் குரூப்பில 39, 66 ரெண்டு இலக்கத்தையும் மட்டும் போட்டன், ஒருத்தரும் பதில் எழுதேல்லை, ஒரு மாமா மட்டும் "இது வெள்ளைக்காரன்ர கணக்கு" எண்டார். அத்தானிட்ட கதைச்சது நானில்லை, அக்காதான். கடைச் சாவியை வாங்கி வச்சிருக்கிறா. சிகரெட்டுக்கு ஓம் எண்டிருக்கிறார், குடிக்கு இன்னும் மழுப்பல். டொக்டரிட்ட என்னெண்டு துவங்கிறது, அங்க சனம் நிரம்பி வழியும், ரெண்டு நிமிசம் கிடைச்சாப் பெரிசு.

இரவு_டியூட்டி:

ரெண்டு நிமிசம் போதும், கதைக்கவேண்டாம், ஒரு துண்டில எழுதிக் கொப்பிக்குள்ள வச்சுக் குடுங்கோ: நாளைக்கு எத்தனை சிகரெட் எத்தனை வருசம், நாளைக்கு எவ்வளவு சாராயம், கடைசியா எப்ப குடிச்சவர், முந்தி நிப்பாட்டேக்க நடுக்கமோ வலிப்போ வந்ததோ, வெத்திலை உண்டோ, போன ஆறு மாசத்தில எத்தனை கிலோ இறங்கினவர். அதை வாசிச்ச டொக்டர் குடிக்கு மனநலப் பிரிவுக்கோ மெடிக்கல் வார்டுக்கோ துண்டு எழுதுவார், எழுதாட்டி நீங்களே கேளுங்கோ. மாஸ்க் செய்யிற அண்டைக்கே இது முடியோணும், ரேடியேசன் துவங்கினாப்பிறகு குடி நிப்பாட்ட அட்மிட் பண்ணினா நாள் தவறும். பல்லு டொக்டரிட்ட இன்னும் காட்டேல்லையெண்டா அதுக்கு முதல் அங்க போங்கோ.